ராகி மால்ட், சிங்கிள் மால்ட்

குடியைப் பற்றிப் பேசும்போது தமிழ்ச் சமூகம் பெண்ணுக்கு இரண்டு இடங்களைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒன்று, டாஸ்மாக் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிற இடம். இன்னொன்று, ‘காலம் கெட்டுப்போச்சு’ என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவில் தள்ளாடுகிற இடம். முதலாமவள் தாய், இரண்டாமவள் தறுதலை. தாயைக் காட்டி ஓட்டு வாங்கலாம். தறுதலையைக் காட்டி வீட்டிலிருக்கும் மகளை மிரட்டலாம். இருவருமே தமிழக அரசியலுக்குத் தேவைப்படுகிறார்கள்.

மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. ஒரு பொருளை மோந்து பார்த்து, நாவில் வைத்து, இது இன்ன தானியம், இது இன்ன மரத்தில் கிடந்தது, இது தேறும், இது தேறாது என்று சொல்கிற இடம். அங்கே ஆண் உட்கார்ந்தால் அவனுக்கு ரசிகன் என்று பெயர். பெண் உட்கார்ந்தால் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது இடத்தைக் கேட்கிறது. யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மது மார்பகப் புற்றுநோய்க்கான காரணங்களில் ஒன்று என்பதும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதும் எனக்குத் தெரியும். குடிக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் அறிந்தவள் எடுத்தால்தான் அது முடிவு. அறியக்கூடாது என்று அடைத்து வைக்கப்பட்டவளின் விலகலுக்குப் பெயர் கீழ்ப்படிதல்.

ஸ்காட்லாந்தில் ஃபைஃப் வட்டாரத்தில் நியூபர்க் என்றொரு சிற்றூர். அங்கே லிண்டோர்ஸ் என்ற பழைய கிறிஸ்தவ மடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. 1494ஆம் ஆண்டு அந்நாட்டு அரசக் கருவூலக் கணக்கில், ஜான் கோர் என்ற துறவிக்கு ‘உயிர்த் தண்ணீர்’ வடிப்பதற்காக எட்டு ‘போல்’ அளவு மால்ட் கொடுக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. ஸ்காட்ச் விஸ்கிக்கான முதல் எழுத்துச் சான்று என்று அதைச் சொல்கிறார்கள். அந்த மடத்தின் அருகிலேயே 2017இல் ஒரு புதிய வடிப்பாலை தொடங்கப்பட்டது. 2021இல் தன் முதல் சிங்கிள் மால்ட்டை வெளியிட்டது. 1494 என்பதை ரோமன் எண்ணில் எழுதினால் என்ன வருமோ அதுதான் அந்தப் புட்டியின் பெயர். மூன்று வருடத்தைக் கொஞ்சம் தாண்டிய இளம் சரக்கு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மூன்று வருடமாவது ஓக் பீப்பாயில் கிடக்காத எதையும் ஸ்காட்ச் என்று அழைக்க முடியாது. அந்த வாசலைத் தாண்டியவுடன் வெளியே வந்த பிள்ளை இது.

எடின்பரோவில் செவிலியராக இருக்கும் என் பள்ளித்தோழி, கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி, விடுமுறைக்கு வந்தபோது விமான நிலையத்தில் அனுமதிக்கிற கணக்குக்குள் ஒரு புட்டி கொண்டுவந்தாள். கோவையில் ஒரு மொட்டை மாடியில் நான்கு பெண்கள் உட்கார்ந்தோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி வக்கீல், ஒருத்தி விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவள். ஆளுக்கு இரண்டு மிடறு வரும் அளவுக்கு ஊற்றினோம். யாரும் தள்ளாடவில்லை, யாரும் அழவுமில்லை. நடந்ததெல்லாம் பேச்சுத்தான்.

வைக்கோல் நிறம். கிட்டே கொண்டுபோனால் முதலில் மூக்கில் ஏறும் காரம். அது அடங்கியதும் விசைத்தறிக்காரி சொன்னாள்: “அடியே, இது நம்ம ராகி மால்ட்டு வாசமாட்டத்தான் இருக்குது!” சட்டியில் முளைகட்டிய ராகியை வறுக்கும்போது எழும் அதே வாசம். அதற்குப் பின்னால் பேரிக்காய், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையின் மெல்லிய ஈரம். நாவில் வைத்தால் நுனியில் சுருக்கென்கிறது. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டதும் முகம் மாறுகிறது. இனிப்பு முன்னால் வருகிறது. கடைசியில் கொட்டைப்பாக்கைக் கடித்தது போன்ற ஒரு துவர்ப்பு நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிறது. அது மரம் கொடுத்தது. தானியமும் மரமும் இன்னும் ஒன்றாகக் கலக்கவில்லை. சம்பந்தம் பேசிவிட்டார்கள், கல்யாணம் முடியவில்லை என்றாள் வக்கீல். “நல்லாத்தான் இருக்குது. ஆனா இன்னும் நாலஞ்சு வருசம் கெடக்கணும்” என்பது நால்வரின் ஒருமித்த தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைச் சொல்ல எங்களுக்கு எந்த நிபுணரின் அகராதியும் தேவைப்படவில்லை. மடி வாசம், காறல், கமறல், துவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, புகைச்சல், பதம், முற்றல், பிஞ்சு என்று எங்கள் அம்மிச்சிகள் அடுப்படியில் நின்று சேர்த்து வைத்த சொற்கள் போதுமானவையாக இருந்தன. செக்கிலிருந்து வந்த நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, கருப்பட்டி போட்டு ஆட்டியதா என்று சொல்லிவிடுகிற பெண்கள் அவர்கள். உலகத்தின் எந்த வடிப்பாலையிலும் வேலை கிடைக்கக்கூடிய மூக்கு. அந்த மூக்கை வைத்து நாம் என்ன செய்ய அனுமதித்தோம்? சாம்பாரில் உப்புக் குறைவா என்று பார்க்க அனுமதித்தோம்.

மால்ட் என்றால் என்ன என்று ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். பார்லியை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து வடிக்கிறார்கள். பரப்பி வைத்து நான்கைந்து நாள் முளைக்க விடுகிறார்கள். முளை விடும்போது தானியத்துக்குள் அமிலேஸ் போன்ற நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தயாராகின்றன. முளை நீளுவதற்குள் உலர்த்தி நிறுத்துகிறார்கள். அதற்குப் பின்தான் அரைப்பது, வெந்நீரில் சர்க்கரையை இறக்குவது, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பது, செப்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிப்பது எல்லாம். ஒரே வடிப்பாலையில், பார்லி மால்ட் மட்டும் கொண்டு, கொப்பரையில் வடித்தது என்பதால்தான் அதற்குச் சிங்கிள் மால்ட் என்று பெயர். முதல் படியை மட்டும் திரும்பப் படியுங்கள். ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத்துணியில் முடிச்சிட்டுத் தொங்கவிட்டு, முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சிய ஒவ்வொரு கொங்கு நாட்டுப் பெண்ணும் அதைச் செய்திருக்கிறாள். ‘ராகி மால்ட்’ என்று கடைக்காரர் டப்பாவில் எழுதி விற்பதற்கு முன்பே அவளுக்கு மால்ட் தெரியும்.

ஸ்காட்லாந்தில் அரசக் கணக்கில் பெயர் ஏறிய ஆணுக்கு ஐந்நூறு ஆண்டு கழித்தும் புகழ் இருக்கிறது. தானியத்தை முளைகட்டியும் புளிக்கவைத்தும் வீட்டுக்கு வேண்டியதை வீட்டிலேயே காய்ச்சிய ஐரோப்பியப் பெண்களுக்குக் கணக்கும் இல்லை, பெயரும் இல்லை. நம்மிடம் அப்படியில்லை என்பதுதான் நம் இலக்கியத்தின் பெருமை. பெரும்பாணாற்றுப்படையில் கள் காய்ச்சும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் தேங்கிச் சேறான குழியில் பன்றிகள் கிடப்பது வரை புலவர் பார்த்து எழுதியிருக்கிறார். அதே நூலில் வீட்டில் காய்ச்சிய தோப்பி என்ற அரிசிக் கள்ளும் வருகிறது. காய்ச்சுகிறவர்கள் பெண்கள், இடம் வீடு, பொருள் தானியம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் வடிப்புத் தொழிலின் முகவரி அது.

பீப்பாயில் முதிர வைப்பது ஐரோப்பியர் கண்ட அதிசயம் என்றும் நினைக்க வேண்டாம். பாரி இறந்தபின் பறம்பு நாட்டை நினைத்துக் கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாட்டில், நிலத்தில் புதைத்து முதிரவிட்ட மட்டு வருகிறது. மலைபடுகடாமில் மூங்கில் குழாயில் ஊற்றி விளைவித்த தேன் தேறல் வருகிறது. ஓக்குக்குப் பதில் மூங்கில். காலமும் பாத்திரமும் சேர்ந்து சுவையை உண்டாக்கும் என்ற அறிவு ஒன்றுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் துணையோடு இருந்த மங்கையர் இரவில் மட்டை விலக்கி மதுவை விரும்பி அருந்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கி மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் சுவை அறிதல். குடித்தார்கள் என்பதைவிடத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

புறநானூற்று 235ஆம் பாட்டை நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் ஒரு மாணவி கேட்பாள்: “அம்மா, அவ்வையார் கள்ளுக் குடிப்பாங்களா?” அதியமான் இறந்தபின் அவ்வை அழும் பாட்டு அது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட மீதியைத் தான் மகிழ்ந்து குடிப்பான் என்று அவள் சொல்கிறாள். தகடூர் மன்னனும் ஒரு பெண் புலவரும் ஒரே கள்ளைப் பகிர்ந்துகொண்டதில் இருந்தது சமமான நட்பு. ஆமாம், குடிப்பாங்க என்று நான் பதில் சொல்வேன். வகுப்பில் ஒரு நொடி அமைதி வரும், பிறகு சிரிப்பு வரும். அந்த அமைதியைத்தான் நான் கவனிக்கிறேன். ஆத்திசூடி பாடிய கூன்கிழவியாக மட்டுமே அவ்வையை அறிந்த பிள்ளைகளின் அமைதி அது. வேறொரு காலத்தில் வாழ்ந்த வேறொரு அவ்வையின் கையிலிருந்த கலத்தை நாம் பிடுங்கிக்கொண்டு கோலை மட்டும் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம்.

எப்போது பிடுங்கினோம்? நீதி நூல்களின் காலத்தில் என்று ஒரு வசதியான பதில் உண்டு. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஒருமுறை பெண்கண் கொண்டு வாசியுங்கள். பத்துக் குறளில் பெண் இரண்டு இடத்தில் வருகிறாள். ஒரு குறளில், பெற்றவள் முகத்தெதிரேகூடத் தாங்க முடியாதது இது என்று சொல்ல, தாயாக வருகிறாள். இன்னொன்றில், குடிகாரனுக்கு முதுகைக் காட்டிப் போய்விடும் நாணம் என்ற நல்லாளாக வருகிறாள். மனைவி எங்கே? அடி வாங்கியவள் எங்கே? சான்றோர் என்ன நினைப்பார்கள், பகைவர் அஞ்சுவார்களா, ஊரார் சிரிப்பார்களா என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது. ஆணின் மானம்தான் அங்கே நஷ்டக் கணக்கு. அந்த வீட்டில் அன்றிரவு உலை வைத்தார்களா என்ற கேள்வி பத்துக் குறளிலும் இல்லை. நான் வள்ளுவரோடு சண்டைக்குப் போகவில்லை. மதுவுக்கு எதிரான அறம்கூட ஆணை நடுவில் வைத்துத்தான் எழுதப்பட்டது என்று சொல்கிறேன். இன்றைய மதுவிலக்கு மேடைகளும் அந்தக் குறைபாட்டோடுதான் பேசுகின்றன.

மேற்கத்திய விஸ்கி உலகம் நம்மைவிட மேலானது என்று நினைத்துவிடவும் கூடாது. கார்டு என்ற வடிப்பாலையின் தொடக்கத்தில் இருப்பவர் ஹெலன் கம்மிங். 1824இல் உரிமம் வாங்குவதற்கு முன்பு அவர் திருட்டுத்தனமாக வடித்தவர். ஆயத்துறைக்காரர்கள் வந்தால் ரொட்டி சுடுவதாகச் சொல்லி வாசனையை மறைத்து, அவர்களைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, பக்கத்துப் பண்ணைகளுக்குச் செங்கொடி ஏற்றிச் சேதி சொன்னதாக அவர் கதை சொல்லப்படுகிறது. அவருடைய மருமகள் எலிசபெத் அந்த ஆலையைப் பெரிதாக்கி, 1893இல் ஜானி வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார். லாஃப்ராய்க் ஆலைக்குத் தட்டச்சராக வந்த பெஸ்ஸி வில்லியம்சன் 1954இல் அதன் உரிமையாளரே ஆனார். இவ்வளவு இருந்தும், 2020இல் ஒரு பிரபலமான விஸ்கி வழிகாட்டி நூலைப் புரட்டிய பத்திரிகையாளர் பெக்கி பாஸ்கின், அதில் விஸ்கியைக் ‘கவர்ச்சி’ என்று வர்ணிக்கும் இடங்கள் மட்டும் 34 என்று எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. அந்நூலாசிரியருக்கு ஒரு மிடறு விஸ்கியைச் சொல்ல ஒரு பெண்ணுடல் தேவைப்பட்டிருக்கிறது. ‘இளம்’ மால்ட் என்றால் என்னவெல்லாம் எழுதுவார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அடுப்படியில் கற்ற நம் சொற்களைச் சுவைக்குப் பயன்படுத்துவது ஓர் அரசியல் வேலை என்று நான் நினைப்பது இதனால்தான். துவர்ப்பு என்று சொல்ல யாருடைய இடுப்பும் தேவையில்லை.

இனி டாஸ்மாக்கைப் பேசுவோம். சுவையைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு அந்தக் கடைக்குள் நுழைந்தால், அங்கே சுவை என்ற ஒன்றே இல்லை என்பது புரியும். விஸ்கி என்றும் பிராந்தி என்றும் லேபிள் ஒட்டி விற்பவற்றில் பெரும்பாலானவை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த சாராவியில் நிறமும் மணமும் சேர்த்தவை. மொலாசஸில் செய்ததை விஸ்கி என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. இங்கே ஒரு குவார்ட்டரை இரண்டாகப் பிரித்துக் ‘கட்டிங்’ போட்டு, நின்ற வாக்கில் மூச்சைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, நாக்கில் பட்டது மறக்க ஊறுகாயை நக்குகிறார்கள். சுவை தெரியக்கூடாது என்பதற்காகவே குடிக்கப்படும் பானம். அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டிய தேவை அந்த ஆணுக்கும் இல்லை, விற்கும் அரசுக்கும் இல்லை. இருவருக்கும் வேண்டியது வேகம்.

அந்த வேகத்தின் வரவு 2024-25ஆம் ஆண்டில் 48,344 கோடி ரூபாய். ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து அரசுக்கு வந்த தொகை இது. 1983இல் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசு நிறுவனத்தின் வழியாக வந்தது. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். 2024-25இல் சுமார் 1.15 கோடிப் பெண்களுக்கு வருடத்துக்குச் சுமார் 13,800 கோடியாக இருந்தது. கணவனின் சட்டைப்பையிலிருந்து எடுப்பது, மனைவியின் வங்கிக் கணக்கில் போடுவதைப் போல மூன்றரை மடங்கு. அந்த ஆயிரம் ரூபாயை நான் இளக்காரமாகப் பேசவில்லை. அதை வாங்கிக் கேஸ் சிலிண்டர் எடுக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அது சலுகையல்ல, திருப்பித் தருவதில் ஒரு பகுதி என்றுதான் சொல்கிறேன்.

விஸ்கிக்காரர்கள் ‘தேவதைகளின் பங்கு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். பீப்பாயில் கிடக்கும்போதே ஆவியாகிப் போகும் அளவு. குளிரான ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு இரண்டு விழுக்காடு. 2004இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோவில் கொண்டுபோய் விற்ற பெங்களூர் அம்ருத் ஆலை இருக்கும் நம் வெக்கையில் அது பத்து விழுக்காடு அளவுக்குப் போகிறது. திருப்பூரில் சனிக்கிழமைதோறும் வாரக்கூலி வாங்கும் பனியன் கம்பெனித் தொழிலாளி வீட்டில் எவ்வளவு ஆவியாகிறது என்று எந்தத் துறை அளக்கிறது? திங்கட்கிழமை தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் என் மேசை முன் வந்து நிற்கும் பெண்பிள்ளைகள்தான் அதன் அளவுகோல். அவர்களில் எவளும் அப்பாவைக் குற்றம் சொல்லமாட்டாள். “அடுத்த வாரம் கட்டிடறனுங்க அம்மா” என்பாள். அவ்வளவுதான் அவள் சொல்வது.

இதைப் பெண்கள் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்றும் இல்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி பதில் சொன்னதாகத் திராவிட இயக்க வரலாறுகள் பதிவு செய்கின்றன. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதே கொங்கு மண்ணில் என்ன நடந்தது? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அரசு அவற்றைக் கைவிடவில்லை, ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரல் 11 அன்று கூடுதல் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் அங்கிருந்த ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. நாகம்மையின் வழியில் வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை. தாய் என்று மேடையில் கும்பிடப்படுகிறவள், கல்லாப்பெட்டிக்குக் குறுக்கே உட்கார்ந்தால் கை நீளும்.

கள் இயக்கத்தாரிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தென்னை பனையிலிருந்து கள் இறக்க 1987இலிருந்து இங்கே தடை. மொலாசஸ் சாராயத்தை அரசே விற்றுக்கொண்டு, விவசாயியின் மரத்துக்குப் பூட்டுப் போடுவது அநியாயம் என்று நம் பகுதி விவசாயிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேடைகளில் கள்ளை உணவு என்றும் மருந்து என்றும் புகழ்கிறவர்கள், அந்த உணவு வீட்டில் யாருக்குப் பரிமாறப்படும் என்று சொல்வதில்லை. மரமேறிகளின் வீடுகளில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிக் கண்ணெரிந்த பெண்களை அவர்கள் நினைத்துக்கொள்வதும் இல்லை. தடையை நீக்குங்கள், நல்லது. நீக்கும்போது உரிமத்தில் அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கட்டும். உணவு என்றால் அது எல்லோருக்கும் உணவு.

‘தமிழ்ப்பெண் குடிக்கமாட்டாள்’ என்ற வாக்கியத்தின் சாதியையும் பார்த்துவிடுவோம். நாள் முழுக்கக் காட்டு வேலை செய்த, சாக்கடை வாரிய, சுடுகாட்டுக்கும் ஊருக்கும் நடுவே குடியிருந்த பெண்களில் குடித்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். வலி மறக்கக் குடித்தார்கள், அசதிக்குக் குடித்தார்கள், பிடித்ததால் குடித்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தபோது, இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் எந்த வீடியோவிலும் வரவில்லை. அவர்களுக்காக யாரும் ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று அழவும் இல்லை, ஏனென்றால் கவுரவம் அவர்கள் வழியாகப் போகவில்லை. தோட்டத்து வீட்டுப் பெண் ஒரு பீர் பாட்டிலைத் தொட்டால்தான் பண்பாடு கலங்குகிறது. கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் பிராந்தியும் சுருட்டும் படைக்கிறோம். சாமிக்குச் சமைத்துப் படையல் போடுகிற பெண் பாட்டிலைத் திறக்கும் நேரத்தில் விலகி நிற்க வேண்டும். கருப்பராயன் கெடமாட்டார், அவள்தான் கெட்டுவிடுவாள்.

எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில் அலமாரியில் காலி பீர் டின் கிடைத்ததற்காக இரண்டு மாணவிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருத்தி திரும்பி வரவில்லை, அவளுக்குத் திருமணம் முடித்துவிட்டார்கள். அதே வருடம் ஆண்கள் விடுதியில் நள்ளிரவில் பாட்டில் உடைந்து ஒருவனுக்குக் கையில் தையல் போட்டார்கள். அவனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்தது. இரண்டு தண்டனைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்தால் இந்தக் கட்டுரையின் தேவை தெரியும். அவள் இழந்தது படிப்பை.

ஓர் எதிர்வாதம் வரும் என்று தெரியும். “படித்த, சம்பளம் வாங்கும் பெண்கள் மொட்டை மாடியில் சீமைச் சரக்கைச் சுவைத்துவிட்டு, டாஸ்மாக்கில் அழியும் குடும்பங்களைப் பற்றிப் பேசலாமா?” பேசலாம். கையில் கோப்பை இருந்தால் விடுதலை வந்துவிட்டது என்று விளம்பரப் படங்கள் சொல்வதை நான் நம்புகிறவள் இல்லை. மாலில் இருக்கும் எலைட் கடையில் பெண்ணும் கூடையெடுத்துப் போகலாம் என்பது விடுதலையல்ல, விற்பனை. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி விஸ்கி மீதான 150 விழுக்காடு இறக்குமதி வரி பாதியாகி, பத்தாண்டில் 40க்கு வரப்போகிறது. இனி வரும் வருடங்களில் அந்த விளம்பரங்கள் நம்மைத் தேடி வரும். முன்பு நாணத்தை விற்றவர்கள் இப்போது துணிச்சலை விற்பார்கள். சுவை அறிந்தவளை ஏமாற்றுவது கடினம் என்பதால்தான் அறியச் சொல்கிறேன். எது தானியம், எது சாயம், எது விலை, எது வரி என்று தெரிந்தவளிடம் லேபிளும் பலிக்காது, மேடைப்பேச்சும் பலிக்காது.

எனவே கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். புட்டிக்குள் இருப்பது எந்த மூலப்பொருளிலிருந்து வடிக்கப்பட்டது, என்ன சேர்க்கப்பட்டது என்று தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் லேபிளில் அச்சிடச் சொல்வோம். ஊருக்குள் கடை வைக்கும் முன் அந்த ஊர்ப் பெண்களின் கிராமசபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்த வேண்டும் என்போம். மது வருவாயில் எத்தனை ரூபாய் குடிநோய் மருத்துவத்துக்கும் அடிபட்ட பெண்களின் காப்பகங்களுக்கும் போகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்வோம். விடுதி விதிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்டனை எழுதச் சொல்வோம். 235ஆம் பாட்டை மழுப்பாமல் நடத்துவோம்.

நாக்கு என்பது சுவைக்கிற உறுப்பு, பேசுகிற உறுப்பும் அதுவே. முதலாவதைக் கட்டிப்போட்டவர்கள் இரண்டாவதையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். உப்புப் பார்க்க மட்டும் பழக்கிய நாக்கு, பட்ஜெட்டைப் பார்த்து ‘இதில் ஏதோ கமறுகிறது’ என்று சொல்லாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்க்க வேண்டும். நாளைக்கு உங்கள் ஊருக்குள் ஒரு கடை வருகிறது என்றால், தாயாக அழுதுகொண்டு போகாதீர்கள். கணக்குக் கேட்கிறவளாகப் போங்கள். கையில் அந்த 48,344 கோடியை எழுதிய காகிதம் இருக்கட்டும்.